ரப்பர் அழித்த மச்சம்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வைத்த பெயர். பென்சில் கிறுக்கலை ரப்பர் அழிப்பது போல, எவர் முகத்தில் எது இருந்தாலும் இவர் அழித்துவிடுவார். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், சவரம் செய்யும்போது கீறிய கோடு, எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே போனபோது மேடும் பள்ளமுமாக இருந்த முகம், வெளியே வரும்போது வாழைத்தண்டு மாதிரி வரும்.

ஸ்டூடியோவின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை அவருக்கு. கம்ப்யூட்டர் திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று சுவரெல்லாம் சாம்பல் வண்ணம் பூசியிருக்கும். காலையில் அதற்குள் போனால் சாயங்காலம் வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் பாதி மனிதர் அங்கேயேதான் இருப்பார். யாராவது பேசினால் கண்ணைப் பார்க்க மாட்டார், கன்னத்தைப் பார்ப்பார். மாடிப்படியில் எதிரே வரும் பக்கத்து வீட்டு அக்கா இவரைக் கண்டதும் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

தூக்கத்தில்கூட அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. என் தோளிலோ கழுத்திலோ வந்து சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றும். கல்யாணமான புதிதில் கொஞ்சுகிறார் என்று நினைத்து அசையாமல் கிடப்பேன். வாயால் சொல்லத் தெரியாத மனிதருக்கு அன்பு விரல் வழியாக வருகிறது என்று என் தங்கையிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவள் பொறாமைப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் கட்டைவிரல் நகத்தில் பிரச்சினை வந்தது.

நகத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். அதற்குக் குறுக்கே துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக மேடு. முதலில் கையைப் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு இன்டர்நெட்டில் தேடினார். தேடிய அன்றே முகம் செத்துவிட்டது. ஈரல், நுரையீரல், ரத்தம் என்று உடம்பில் இருக்கிற எல்லா உறுப்பும் அந்த நகத்தின் வழியாகத் தன்னிடம் பேசுவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. சாப்பிடும்போது மகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“என்னப்பா, உயில் எழுதப் போறீங்களா?” என்றாள் அவள். காலேஜுக்குப் போகிற வயது, வாய் நீளம்.

“டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம். நீயும் வா,” என்று என்னிடம் சொன்னார். குரலில் கெஞ்சல் இருந்தது. தோல், முடி, நகம் மூன்றையும் பார்க்கும் ஒரு டாக்டரம்மா தனியாக கிளினிக் வைத்திருந்தார். போன் செய்து நேரம் வாங்கினேன். ஒரு நகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வாங்கினேன்.

அந்தக் காத்திருக்கும் அறையை இப்போது நினைத்தாலும் நனவா கனவா என்று தெரியவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் பால் நிறக் கண்ணாடி. அதன் வழியாக வரும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருந்தது. ஏசி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்ட ஒருவர், இரண்டு கைக்கும் உறை போட்ட ஒரு பெண், கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய ஒரு பெரியவர். எல்லோரும் எதையோ மறைத்துக்கொண்டு, அடுத்தவர் மறைப்பதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தூக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் போல இருந்தது. என் வீட்டுக்காரரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அவர்களோடு ஒருவராகிவிட்டார். நான் மட்டும்தான் ஒன்றும் இல்லாமல் துணைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். என் வீட்டுக்காரர் கையை மேஜை மேல் வைத்து, நகம் எப்போது மாறியது, அதற்கு முன் காய்ச்சல் வந்ததா, பரம்பரையில் யாருக்காவது உண்டா என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு போனார். டாக்டர் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்க?”

“பேசிட்டு இருக்கேன் டாக்டர்.”

“கை என்ன பண்ணுது?”

குனிந்து பார்த்தோம். அவருடைய ஆள்காட்டி விரல் பக்கத்துக் கட்டைவிரலின் நகக்கண்ணை முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு, எஜமானனைக் கேட்காமல். கையும் களவுமாகப் பிடிபட்டதும் சட்டென்று நின்றது.

“இதுதான் உங்க வியாதி,” என்றார் டாக்டர். “நகம் முளைக்கிற இடத்தை நாள் பூரா தேய்ச்சா இப்படித்தான் வளரும். ஒரு பிளாஸ்திரி ஒட்டுங்க. தேய்க்கறத நிறுத்துங்க. சில மாசத்துல புது நகம் சரியா வந்துடும்.”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. ஈரலும் நுரையீரலும் உயிலும் ஒன்றாக ஞாபகம் வந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் அசடு வழிந்தார். டாக்டரும் சிரித்துக்கொண்டே கை கழுவ எழுந்தவர், பாதி வழியில் நின்றார்.

“கொஞ்சம் அப்படியே இருங்கம்மா. கழுத்தைத் திருப்புங்க.”

இடது காதுக்குக் கீழே, கழுத்தோரத்தில் எனக்கொரு மச்சம். முடியைப் பின்னிப் போட்டால் மறைந்துவிடும். நானே அதைச் சரியாகப் பார்த்ததில்லை. டாக்டர் விளக்கு வைத்த ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்து, குனிந்து பார்த்தார். அவருடைய மூச்சு என் காதோரம் பட்டது. வெகு நேரம் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“சின்ன வயசுலேர்ந்து இருக்குங்க.”

“இதே அளவுலயா?”

எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மச்சத்தின் ஓரம் ஒரு பக்கம் தெளிவாக இல்லை, நிறமும் ஒரே மாதிரி இல்லை. பல வருஷமாக இப்படியேதான் இருக்கிறது என்றால் கவனித்துக்கொண்டு வரலாம். வளர்ந்திருக்கிறது என்றால் உடனே எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். “புற்றுநோய்ன்னு நான் சொல்லல. இல்லைன்னும் இப்ப சொல்ல முடியாது. பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க, பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். இந்த வாரமே வாங்க. போட்டோ கிடைக்கலைன்னாலும் வாங்க.”

“போட்டோவுக்கு என்ன பஞ்சம், இவர் ஸ்டூடியோக்காரர்தான்,” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. என் வீட்டுக்காரர் கையை மறுபடியும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது கண் அசந்துவிட்டது. தெரு நிறைய மனிதர்கள் நடக்கிறார்கள். யார் முகத்திலும் ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். எனக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. என்னை யாரோ கூப்பிடுகிறார்கள், அந்தக் குரல் எந்த முகத்திலிருந்து வருகிறதென்று தெரியாமல் ஓடுகிறேன். விழித்துப் பார்த்தால் என் தலை அவர் தோளில் இருந்தது. அவர் கன்னத்தில் காலையில் சவரம் செய்த கீறல். அதைப் பார்த்ததும் அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பங்களை இறக்கினேன். கல்யாண ஆல்பம், மகள் பிறந்தபோது எடுத்தது, தங்கை கல்யாணத்தில் எடுத்தது. கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் படத்தில் மச்சம் இல்லை. முடி மறைத்திருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தேன். அதில் கொண்டை போட்டிருந்தேன், கழுத்து முழுக்கத் தெரிந்தது. மச்சம் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. எல்லாப் படத்திலும் என் கழுத்து கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

கதவோரமாக நின்றுகொண்டிருந்த அவரைத் திரும்பிப் பார்த்தேன். கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“கை தானா போயிடுதும்மா.”

“எல்லாத்துலயுமா?”

“புள்ளியப் பார்த்தா கை நிக்காது. உன்னோடதுன்னு பார்த்து அழிக்கல. புள்ளின்னுதான் அழிச்சேன்.”

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! அசிங்கமாக இருக்கிறது என்று அழித்திருந்தால்கூடத் தேவலை. அதற்கு என்னைப் பார்த்திருக்க வேண்டுமே. உயிருக்கு வந்த ஆபத்தா இல்லையா என்று காட்ட ஒரு படம் வேண்டும், என்னிடமோ ஊரான் வீட்டுக் கழுத்து மாதிரி ஒரு கழுத்துதான் ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தூக்கத்தில் என் கழுத்தில் வட்டம் போட்ட அந்த விரல் கொஞ்சவில்லை. அழித்துக்கொண்டிருந்தது.

“தூங்கும்போதுகூட என்னை அழிச்சுட்டுத்தான் இருந்திருக்கீங்க,” என்றேன். அழுகை முட்டியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அருகில் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். “இருந்துச்சுடி, கடுகு மாதிரி,” என்றாள். அடுத்த மூச்சில், “இல்ல, அது உன் தங்கச்சிக்கா?” என்றாள். அடையாள அட்டையில் முகம் நேராக இருந்தது, கழுத்தோரம் தெரியவில்லை. மற்றவர்கள் எடுத்த படங்களில் நான் ஏதாவது ஒரு மூலையில் தீக்குச்சி அளவுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர் கை வைப்பதற்கு முன்னால் இருந்த மூலப் படங்களோ, ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. வேலை முடிந்த படத்தின் பழைய முகத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்?

மறுநாள் ஸ்டூடியோவுக்கு விடுமுறை. மதியம் இருவரும் சாவியை வாங்கிக்கொண்டு போய்த் திறந்தோம். அவர் தன் அறையில் பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். நான் அலமாரி, அட்டைப்பெட்டி என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். எங்கும் பளபளப்பான ஆட்கள். யார் யாரோ வீட்டு மாப்பிள்ளைகள், யார் யாரோ வீட்டுக் குழந்தைகள், ஒரு தும்மல்கூடப் போடாதவர்கள் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் ஓய்ந்துபோய், படம் எடுக்க வருகிறவர்கள் தலை சீவிக்கொள்ளும் ஒப்பனை அறையில் போய் உட்கார்ந்தேன்.

கூரைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்தின் வழியாக மதிய வெயில் சுவரில் இறங்கியிருந்தது. அது விழுந்த இடத்தில் வெளிறிப்போன ஒரு படம் மாட்டியிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு மாதிரி காட்ட, கல்யாணமான புதிதில் என்னை உட்கார வைத்து எடுத்தது. இத்தனை வருஷமும் பொருட்படுத்தாமல் கடந்து போன படம். அதில் நான் இதே அறையில், இதே நிலைக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து காதில் தோடு திருகிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கக் கழுத்து கேமராவைப் பார்த்து இருக்கிறது. சுத்தம், ஒரு புள்ளி இல்லை. எதிரே கண்ணாடிக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து எனக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெயில் கொஞ்சம் நகர்ந்தது. கண்ணாடிக்குள் இருப்பவள் கழுத்தில் ஒரு புள்ளி.

தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. நாற்காலி போட்டு ஏறி மூக்கு உரசப் பார்த்தேன். மச்சம்! வெளியே இருந்த என்னைத் துடைத்து வைத்தவர் கண்ணாடிக்குள் இருந்தவளை மறந்துவிட்டிருக்கிறார். அவள் அங்கேயே, அந்த வயதிலேயே, யாரும் கை வைக்காத கழுத்தோடு எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க! இங்க வாங்க!”

ஓடி வந்தார். நான் விரலை வைத்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு ஒரு நப்பாசை. “வேணும்னே விட்டு வச்சீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. கண்ணாடியப் பார்க்கவே இல்ல. மறந்துட்டேன்,” என்றார்.

அந்த ஒரு இடத்திலாவது வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் தலையெழுத்து!

படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் தன் பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். “படத்துல போட்டிருக்கற தோடு இப்ப இருக்கா?” என்றார். காதைக் காட்டினேன். அன்றிலிருந்து கழற்றாத தோடு. படத்தில் தோட்டையும் மச்சத்தையும் அளந்தார், பிறகு என் காதிலும் கழுத்திலும் அளந்தார். அளக்கும்போது அவர் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“அப்ப தோட்டுல கால்வாசிதான் இருந்திருக்கு. ஓரமும் நல்லா வட்டமா இருக்கு. இப்ப பாதிக்கு மேல வந்தாச்சு. வளர்ந்திருக்கும்மா. இன்னைக்கே எடுத்துடலாம்.”

மரத்துப்போக ஊசி போட்டார்கள். மரத்த பிறகு யாரோ தூரத்தில் துணி கத்தரிப்பது போலச் சத்தம் மட்டும் வந்தது. பால் நிற ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்ததை ஒரு தடவைகூட நேருக்கு நேர் பார்க்காமல் அனுப்புகிறோமே என்று இருந்தது.

சோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் வீடு தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. யார் பேசினாலும் மெதுவாக வந்து காதில் விழுந்தது. மகள் வாயைக் குறைத்துக்கொண்டு எனக்குத் தலை பின்னிவிட்டாள். நடுவில் ஒரு நாள் ஸ்டூடியோ முதலாளி எனக்குப் போன் செய்தார்.

“என்னம்மா, ரப்பர் அழிக்க மாட்டேங்குது? கல்யாணப் பொண்ணு மூக்குல மரு, அப்படியே பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டார். கேட்டா கை வரமாட்டேங்குதுங்கறார்.”

“பொண்ணு வீட்டுல சண்டை போட்டாங்களா?”

“சண்டையா? பொண்ணோட அம்மா மட்டும், இதுதான் எங்க பொண்ணு மாதிரி இருக்குன்னுட்டுப் போனாங்க. ஆனா தொழிலுக்கு இது ஆகுமாம்மா?”

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

முடிவு வந்தது. டாக்டரே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். மச்சம் மாற ஆரம்பித்திருந்தது. புற்றுநோயின் முதல் படி. தோலின் மேல் அடுக்கோடு நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றி எடுத்துவிட்டால் போதும். “இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்,” என்றார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளினிக் என்றும் பார்க்கவில்லை, டாக்டர் என்றும் பார்க்கவில்லை. நகத்தில் பிளாஸ்திரி ஒட்டின கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொரு வேலை கொடுத்தார். என் உடம்பில் இருக்கிற எல்லா மச்சத்தையும் அவ்வப்போது படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். எது மாறுகிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

“சார் எடுக்கலாம். ஆனா ஒண்ணையும் அழிக்கக் கூடாது,” என்றார். அவருக்கும் எங்கள் கதை தெரிந்திருந்தது.

அதையும் எடுத்து, தையல் ஆறியதும் ஒரு மதியம் படுக்கையறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, வெளிச்சம் விழும் இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மகள் வளர்ந்து காலேஜுக்குப் போகிற இந்த வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு மச்சத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன அளவுகோலைப் பிடித்து, கேமராவைக் கிட்டே கொண்டுவந்து எடுத்தார். ஜன்னல் வழியாக வந்த காற்றில் திரை உப்பி உப்பி அடங்கியது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“இங்க ஒண்ணு இருக்கு,” என்றார்.

“ம்.”

“தோளுக்குக் கீழ ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. இது எப்ப வந்துச்சு?”

“பொறந்ததுலேர்ந்து இருக்கு.”

அளவுகோல் அந்த இரண்டுக்கும் நடுவே வந்து நின்றது.

“எனக்குத் தெரியாதேம்மா,” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே மிகவும் மெல்லிய குரல் அதுதான். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பார்த்தால் அழுவார், படம் ஆடிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

படங்களையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் தனியாக ஏற்றி வைத்தார். எடுத்தது எடுத்தபடி, ஒரு புள்ளி குறையாமல். வெளிறிப்போன அந்தப் பழைய படமும் இப்போது எங்கள் படுக்கையறைச் சுவரில்தான் இருக்கிறது. அவருடைய நகம்கூட அடியிலிருந்து வழுவழுவென்று முளைத்து வருகிறது.

படம் எடுத்த அன்றைக்கே கொஞ்சம் கண் அயரலாம் என்று படுத்தோம். அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். வழக்கம் போல விரல் எழுந்து வந்து என் தோளில் சுற்ற ஆரம்பித்தது. சுற்றட்டும், அது பிழைப்பு பார்த்த விரல் என்று விட்டுவிட்டேன். தோளிலிருந்து ஊர்ந்து கழுத்துக்கு வந்தது. காதுக்குக் கீழே, புதிதாக வந்த தழும்பின் மேல் ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விரல் அங்கேயே நின்றது, சுற்றவில்லை. சாயங்காலம் நான் எழுந்து விளக்கு போடும் வரைக்கும் அப்படியே இருந்தது.